வைரம் பாய்ந்த கட்டை

நகரங்களில் இந்நாள்களில் திறக்கப்பெறும் உணவகங்களுக்குள் நுழைந்து பார்த்த வாசகர்கள் ஒன்றைக் கவனித்திருக்கக்கூடும். சுவர் முழுவதும் சாம்பல் நிறப் பலகைகள். வெடிப்பும் ஆணித்துளையும் நிறைந்த மேசைகள். மழையிலும் வெயிலிலும் நூறாண்டு கிடந்தாற்போன்ற தோற்றம். கட்டடமோ சென்ற ஆண்டு எழுந்தது. பலகையோ அதனினும் இளையது. அதே நகரின் பின்தெருவில், மெய்யாகவே நூறாண்டு கண்ட வீடொன்று இடிபடுகிறது. அதன் உத்திரங்களும் நிலைகளும் கரியும் சுண்ணாம்புமாய் லாரியில் ஏறி விறகுக் கடைக்குப் போகின்றன. பொய்யான பழமையைப் பணம் கொடுத்து வாங்கி, மெய்யான பழமையை எடைக்குப் போடும் இவ்விந்தையைக் குறித்தே இம்மாதம் நம் வாசகக் குடும்பங்களோடு சிறிது உரையாட எண்ணுகிறோம்.

இஃது அழகு பற்றிய பேச்சு மட்டுமன்று. பாட்டனார் கட்டிய வீட்டை இடிக்கவோ பங்கிடவோ வேண்டிய நிலை நம் பங்குகளில் எத்தனையோ குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் வந்துகொண்டிருக்கிறது. அந்நாளில் மரத்தின் மதிப்பு அறியாதவர் இழப்பது சிறு தொகையன்று என்பதைப் பின்னர் ஒரு குடும்பத்தின் கதையால் காண்போம்.

சாம்பல் நிறப் பலகை மோகம் பிறந்த இடம் அமெரிக்க நாடு. நற்செய்தியில் வரும் அறிவிலியான செல்வன், தன் களஞ்சியங்களை இடித்து இன்னும் பெரியனவாகக் கட்டுவேன் என்றான் அல்லவா? இடித்த மரத்தை அவன் என்செய்ய எண்ணினான் என்று நற்செய்தி கூறவில்லை. அமெரிக்கரோ அதற்கு ஒரு வழி கண்டுவிட்டனர். அவர்களது களஞ்சியம் நம் நெற்குதிர் போன்றதன்று. இரண்டு மூன்று வீடுகளை உள்ளடக்கும் பெருங்கொட்டகை. நடுவில் கதிரடிக்கும் தளம், ஒருபுறம் மாடும் குதிரையும், மேலே வைக்கோல். 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் அங்குக் குடியேறியோர், காட்டைத் திருத்தி வயலாக்கியபோது வீழ்த்திய மரங்களைக்கொண்டே இவற்றைக் கட்டினர். தூண்களையும் உத்திரங்களையும் அகன்ற கோடரியால் செதுக்கிச் சதுரமாக்கினர். இணைப்புகளில் இரும்பாணி கிடையாது. ஒரு மரத்தின் முனையில் கழுந்து செதுக்கி, மற்றதில் துளை பொளிந்து, இரண்டையும் ஊடுருவும்படி மரமுளை அடித்தனர். இவ்வாறு தரையில் பூட்டிய சட்டங்களை ஊரார் அனைவரும் ஒன்றுகூடித் தூக்கி நிறுத்துவர். நம்மூரில் தேர் வடம் பிடிப்பதைப் போன்ற காட்சி அது. ஆமிஷ் எனப்படும் சபையார் இன்றும் இவ்வாறே களஞ்சியம் எழுப்புகின்றனர்.

அம்மரங்களின் சிறப்பு அவை வளர்ந்த முறையில் அமைந்தது. அடர்ந்த காட்டில், பெருமரங்களின் நிழலில், ஒளிக்குப் போட்டியிட்டு மெல்ல மெல்ல வளர்ந்தவை அவை. ஓராண்டு வளர்ச்சிக்கு ஒரு வளையம் என்பது மரத்தின் கணக்கு. மெதுவாக வளர்ந்த மரத்தில் வளையங்கள் நெருக்கமாக இருக்கும். திறந்த வெளியில் உரமும் ஒளியும் பெற்று விரைந்து வளர்ந்த இன்றைய பைன் மரத்தில் அவை அகன்று கிடக்கும். சில மரங்களோ இன்று காட்டில் பெருமரமாகக் கிடைப்பதே இல்லை. அமெரிக்கச் செஸ்ட்நட் அத்தகையது. ஆசியாவிலிருந்து வந்த பூஞ்சை நோயொன்று 1904-ஆம் ஆண்டில் நியூயார்க் விலங்குக் காட்சிச்சாலையின் மரங்களில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. அதன்பின் ஏறத்தாழ ஐம்பதாண்டுக்குள் 300 முதல் 400 கோடி மரங்கள் பட்டுப்போயின என்று கணக்கிடுகின்றனர். இன்றும் பழைய வேர்களிலிருந்து தளிர்கள் கிளம்புகின்றன. பெருமரமாகுமுன் நோய் அவற்றைக் கொன்றுவிடுகிறது. ஆதலால் அகன்ற செஸ்ட்நட் பலகை வேண்டுவோர் ஒரு பழைய களஞ்சியம் எப்பொழுது இடிபடும் என்று காத்திருக்க வேண்டியவராயினர். பழைய மரத்துக்கு விலை ஏறியதன் உண்மைக் காரணம் இதுவே. சாம்பல் நிறத்துக்காக விலை கொடுக்கும் வழக்கம் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது.

அந்தச் சாம்பல் நிறந்தான் என்ன? மரத்தின் நார்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் பசைபோன்ற பொருளுக்கு லிக்னின் என்று பெயர். வெயிலிலுள்ள புறஊதாக் கதிர்கள் மேற்பரப்பில் இப்பொருளைச் சிதைக்கின்றன. மழை வந்து சிதைந்ததைக் கழுவிச் செல்கிறது. எஞ்சுவது வெளுத்த செல்லுலோஸ் நார். அதன்மேல் நுண்ணிய பூஞ்சை படிந்து சாம்பல் நிறம் பெறுகிறது. இத்தனை மாற்றமும் நிகழ்வது எவ்வளவு ஆழத்தில் என்று கேட்டால் வாசகர்கள் வியப்படைவர். சாம்பல் நிறத் தோல் கால் மில்லிமீட்டருக்கும் குறைவான கனமுடையது! பைன் போன்ற மென்மரங்களில், வெயிலும் மழையும் நூறாண்டுக் காலம் அரித்தாலும் தேய்வது ஏறத்தாழ 6 மில்லிமீட்டரே. அதன்கீழே உள்ள மரம், நனைந்து உளுக்காதவரையில், கட்டிய நாளில் இருந்தவாறே இருக்கும்.

தோல் இவ்வளவு மெல்லியது என்பதனாலேயே அதனைப் போலியாகச் செய்வதும் எளிது. துருப்பிடித்த ஆணிகளை வினிகர் எனப்படும் காடியில் சில நாள் ஊறவைப்பர். கிடைக்கும் நீரைப் பலகைமேல் பூசினால், மரத்திலுள்ள துவர்ப்புச் சத்தோடு இரும்பு கலந்து சிறிது நேரத்தில் சாம்பலும் கருமையுமாக நிறம் மாறும். பைன் மரத்தில் துவர்ப்புக் குறைவு. ஆகவே முதலில் கடுந்தேநீரைப் பூசி உலரவிட்டு, அதன்மேல் இரும்புக்காடியைப் பூசுவர். கம்பித் தூரிகையால் தேய்த்து மென்மையான பகுதியைச் சுரண்டி ரேகைகளை எழுப்புவர். சங்கிலியால் அடித்துத் தழும்புகள் உண்டாக்குவதும் உண்டு.

இவ்வேதியியல் நமக்குப் புதியதன்று. கும்பகோணத்தை அடுத்த கருப்பூரில் கலங்காரி எழுதுவோர், துணியைக் கடுக்காய்ச் சாற்றில் நனைத்து உலர்த்தி, இரும்புத்துருவும் வெல்லமும் ஊறிய நீரால் கோடு வரைகின்றனர். எழுதுகோல் பட்ட இடம் கண்ணெதிரே கறுக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்த வித்தை அது. அவர்கள் அதனைச் சித்திரம் என்றே விற்கின்றனர். புதுப் பலகையில் அதே வித்தையைச் செய்து, புதுப்பலகை என்று சொல்லியே விற்பவரிடமும் நமக்கு வழக்கில்லை. பெண்கள் கைக்கு மருதோன்றி இடுவதுபோல அதுவும் ஓர் அலங்காரம். நூறாண்டு மரம் என்று சொல்லி நூறாண்டு மரத்தின் விலையைக் கேட்கும்போதுதான் அது ஏழாம் கட்டளைக்குள் வந்துவிடுகிறது.

வாங்குவோர் ஏமாறாதிருக்க வழியுண்டு. பலகையின் முகத்தைப் பாராமல் அறுந்த முனையைப் பார்க்க வேண்டும். வளையங்கள் ஓர் அங்குலத்தில் நாலைந்தே இருப்பின், அது அண்மையில் விரைந்து வளர்ந்த மரமாயிருக்கக் கூடும். ஆணித்துளையினுள் ஒரு குச்சியை விட்டுப் பார்த்தால், மெய்யான பழந்துளையைச் சுற்றித் துரு மரத்துக்குள் ஊறிய கருங்கறை தெரியும். நேற்றுக் குத்திய துளையின் உட்புறம் வெளிறிக் கிடக்கும். பலகையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். வெயில் பட்ட புறமும் சுவர்ப்புறமும் ஒருபோதும் ஒரே நிறத்தில் முதுமை அடைவதில்லை. இருபுறமும் ஒரே சாம்பல் எனில் அது தொட்டியில் தோய்த்த சாம்பல். தூக்கிப் பார்ப்பதும் நல்ல சோதனையே. ‘பழந்தேக்கு’ எனப் பெயர் பூண்ட மேசை ஒரு கையால் எழும்புமாயின், சிப்பம் கட்டும் பெட்டிகளைப் பிரித்தெடுத்த பைனோ என்று ஐயுறலாம்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். அமெரிக்கருக்குக் களஞ்சியம் எதுவோ, அது நமக்குப் பழைய வீடு. தமிழகத்துப் பழைய வீடுகளில் புகழ்பெற்ற மரம் பர்மாத் தேக்கு. சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களின் எழுபதுக்கும் மேற்பட்ட ஊர்களில் நகரத்தார் கட்டிய பெருவீடுகளே இதற்குச் சான்று. 2014-ஆம் ஆண்டில் அவ்வூர்த் தொகுதிகள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்றன. ஆயின் அத்தேக்கு நகரத்தார் வீடுகளோடு நின்றுவிடவில்லை. சென்னையிலும் தஞ்சையிலும் நாகையிலும் மாடிவீடு கட்டியோர், தேக்கு உத்திரங்களின்மேல் தேக்குச் சட்டங்களைப் பரப்பி, அவற்றின்மேல் செங்கற்களைக் குத்துவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புக் காரையிட்டுத் தளம் அமைத்தனர். பழைய பங்கு இல்லங்களின் மேல்தளத்தைச் சற்று அண்ணாந்து பார்க்கும் வாசகர்கள் இவ்வமைப்பைக் காணக்கூடும்.

அத்தேக்கு வந்த வழி நீண்டது. பச்சைத் தேக்கு நீரில் மிதவாது. ஆகவே பர்மாக் காட்டில் தேர்ந்தெடுத்த மரத்தின் அடியில் பட்டையையும் வெளிமரத்தையும் வளையமாக வெட்டிவிட்டு, நின்றநிலையிலேயே மூன்றாண்டு போல உலரவிடுவர். பின்னர் வீழ்த்தி, யானைகளைக்கொண்டு ஓடைக்கரைக்கு இழுத்துச் செல்வர். மழை வெள்ளம் அவற்றை ஐராவதி ஆற்றில் சேர்க்கும். அங்கே தெப்பமாகக் கட்டி இரங்கூனுக்கு மிதக்கவிடுவர். ஒரு மரம் வெட்டப்பட்ட நாளுக்கும் கப்பலேறிய நாளுக்கும் இடையே பல ஆண்டுகள் கழிந்துவிடும். 1885-ஆம் ஆண்டின் ஆங்கில பர்மியப் போருக்கு உடனடிக் காரணமாகக் காட்டப்பட்டதே, தேக்கு வணிகம் செய்த ஆங்கில நிறுவனமொன்றின்மீது பர்மிய அரசு விதித்த தண்டம்தான். அந்த வணிகத்தின் காலமும் முடிந்தது. 1942-இல் ஜப்பானியர் இரங்கூனைக் கைப்பற்றியபோது இலட்சக்கணக்கான இந்தியர் மலையும் காடும் கடந்து நடந்தே திரும்பினர். 1962-க்குப் பின் அமைந்த இராணுவ அரசு வணிகத்தை நாட்டுடைமையாக்கியபோது எஞ்சியோரிலும் பெரும்பாலோர் வந்து சேர்ந்தனர். 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் அரசு அறுக்காத மரங்களின் ஏற்றுமதியை அறவே தடைசெய்தது. நம் வீட்டு உத்திரத்தில் கிடப்பது போன்ற மரம் இனி எளிதில் வாராது என்பதற்கு இதனினும் வேறு விளக்கம் வேண்டியதில்லை.

ஏழைவீட்டு மரத்தையும் இகழ வேண்டாம். நம் ஓட்டு வீடுகளின் கூரையைத் தாங்குவன பெரும்பாலும் பனங்கைகள். மற்ற மரங்களில் வைரம் நடுவில் இருக்கும். பனையில் வெளிப்புறமே வைரம், உட்புறம் மென்மை. முதிர்ந்த பனையின் கருத்த நார்கள் ஓடும் வெளிச்சட்டம் இரும்புக்கு நிகராக உளியை மழுக்கும். 2021-ஆம் ஆண்டிலிருந்து தமிழகத்தில் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றாகிவிட்டது. ஆகவே பழைய பனங்கைகளை அடுப்பில் வைப்பதற்குமுன் இருமுறை எண்ணுவது நன்று. பூவரசு, வேம்பு, பலா, வாகை ஆகியவற்றால் செய்த நிலைகளும் கதவுகளும் இருப்பின் அவையும் பயன்படும்.

இனி அந்தக் குடும்பத்தின் கதை. கணவரை இழந்த தாய், மகன்கள் இருவர், மணமாகிச் சென்ற மகள்கள் இருவர். பாட்டனார் கடல் கடந்து ஈட்டிய பொருளில் கட்டிய வீடு மழைக்கு ஒழுகத் தொடங்கியது. மகன்கள் இடித்துக் கட்ட முடிவு செய்தனர். பழமரம் வாங்குவோர் ஒருவர் வந்து, அரைமணி நேரம் சுற்றிப் பார்த்து, எல்லா மரத்துக்கும் சேர்த்து ஒரு தொகை சொன்னார். “எல்லாம் கரிபிடித்துப் போயிற்று அம்மா, விறகுக்குத்தான் ஆகும், உங்களுக்காக இவ்வளவு தருகிறேன்” என்றாராம். தொகை சிறியதாகையால் அதனைப் பங்கிடுவது பற்றி எவரும் பேசவில்லை. மகள்களுக்குச் சொல்லியனுப்பவும் தோன்றவில்லை. இளைய மகனோ புதுவீட்டுக்கென்று நகரத்தில் ‘பழமைத் தோற்ற’ உணவு மேசை ஒன்றுக்கு முன்பணமும் கட்டிவிட்டிருந்தார். அது ரப்பர் மரத்தில் செய்து சாயம் ஏற்றியது என்பது பின்னர்த் தெரியவந்தது.

வீடு இடிக்குமுன் செபிக்க அழைத்திருந்தமையால் நாம் அங்கே சென்றிருந்தோம். பங்கின் முதிய தச்சர் ஒருவரும் உடன் வந்தார். செபம் முடிந்ததும் அவர் ஏணி கேட்டார். உத்திரமொன்றின் ஓரத்தில் கரியைத் துடைத்து, இழைப்புளியை இரண்டே முறை ஓட்டினார். பொன்னிறம் தெரிந்தது, தேக்கின் எண்ணெய் மணம் கூடமெங்கும் பரவியது. நூறாண்டுப் புகைக்கும் கரிக்கும் கீழே அந்த மணம் உயிரோடு இருந்ததைக் கண்டு அந்தத் தாய் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தச்சர் ஒன்றும் சொல்லாமல் அளவுகோலை எடுத்தார். உத்திரம் ஒவ்வொன்றும் 12 அடி நீளம், 9 அங்குல உயரம், 6 அங்குல அகலம். 12-ஐ முக்காலாலும் அரையாலும் பெருக்கினால் 4½ கன அடி. ஆறு உத்திரங்களில் 27 கன அடி. உலர்ந்த தேக்கு கன அடி ஒன்றுக்கு ஏறத்தாழ 18 கிலோ எடை என்று கொண்டால், உத்திரங்கள் மட்டுமே 480 கிலோவுக்கு மேல். விறகு கிலோவுக்குச் சில ரூபாய். நல்ல தேக்கோ கன அடிக்கு ஆயிரக்கணக்கில். இவ்விரு கணக்கையும் அவர் சுவரில் கரித்துண்டால் அருகருகே எழுதிக் காட்டினார். சட்டங்கள், நிலைகள், கதவுகளின் கணக்கு அதன்கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. இரண்டு உத்திரங்களின் முனைகள் சுவருக்குள் ஈரத்தால் இற்றுப்போயிருந்தமையால் ஒவ்வொன்றிலும் ஓரடி கழித்தார். தம் பக்கத்து மிகைக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

கணக்குப் பெரிதானதும் பேச்சும் மாறிற்று. இவ்வளவு மதிப்புள்ள பொருள் எனில் அது தந்தையின் சொத்து அன்றோ? தந்தையின் சொத்தெனில் மகள்களுக்கும் பங்குண்டு அன்றோ? மூத்த மகன் முதலில் தயங்கினார். தாய் தயங்கவில்லை. அன்று மாலையே மகள்களுக்குத் தொலைபேசியில் சொல்லப்பட்டது. விற்றது பாதி, பகிர்ந்தது நான்கு பங்கு. எஞ்சிய பாதியில் இரண்டு கட்டில்கள், ஒரு மேசை, புதுவீட்டின் வாசல் நிலை ஆகியவை உருவாயின. நகரத்து மேசைக்குக் கட்டிய முன்பணம் திரும்பவில்லை என்று கேள்வி. மூத்த மகள் பணத்தை வாங்கிக்கொண்டதோடு இன்னொன்றும் கேட்டார்: சமையலறைக் கதவு. அதன் உட்புறத்தில் பாட்டியார் பால் கணக்குக்கு வைத்த சுண்ணாம்புப் புள்ளிகள் இன்னும் அழியாதிருந்தன. இழைத்துத் தருகிறேன் என்று தம்பி சொன்னதற்கு, இழைக்கவே கூடாது என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார். தோலுக்கும் சில வேளை விலையுண்டு என்பதனை, தோலைப் பற்றி இவ்வளவு கடுமையாக எழுதிய நாமும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இதனை வாசித்துத் தம் வீட்டு மரத்தைத் தாமே பயன்படுத்த எண்ணும் குடும்பங்களுக்குச் சில கைமுறைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, பொக்லைன் இயந்திரத்தை மரத்தருகே விடாதீர்கள். ஒரே நாளில் வேலை முடியும் என்பது உண்மையே. ஆனால் உத்திரங்கள் முறிந்து, கழுந்துகள் பிளந்து, கதவுகள் சிதறிப்போகும். ஓடு, பட்டியல், கைமரம், உத்திரம் என்று மேலிருந்து கீழாகக் கையால் பிரிக்க ஆள்கூலி கூடும். முழுதாக இறங்கும் ஒரே உத்திரம் அக்கூலியில் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

அடுத்தது ஆணி. பழமரத்தை அறுக்க மரம் அறுக்கும் பட்டறைக்காரர் பலர் மறுப்பதற்குக் காரணம், உள்ளே ஒளிந்திருக்கும் ஒரே ஓர் ஆணி அவர்களது வாளின் பற்களைப் பறித்துவிடும் என்பதே. வாளுக்கு நேரும் கேட்டினும் அறுப்பவர் முகத்துக்கு நேரக்கூடியது பெரிது. ஆணியின் கூர்முனை வெளியே தெரிந்தால் அதனை முதலில் நிமிர்த்தி, பின்னிருந்து தட்டித் தலையை எழுப்பி, அதன்பின் குறட்டால் பிடுங்க வேண்டும். தலை முறிந்த ஆணிகளைக் கண்டுபிடிக்க, பழுதான வானொலிப் பெட்டியின் ஒலிபெருக்கியிலுள்ள காந்தத்தை நூலில் கட்டிப் பலகையின்மேல் மெல்ல நகர்த்துவது நல்ல வழி. ஆணியிருக்கும் இடத்தில் அது இழுபட்டு நிற்கும்.

மூன்றாவதாகச் சொல்வதைத் தாய்மார்கள் கூர்ந்து வாசிக்க வேண்டுகிறோம். பழைய வண்ணப்பூச்சுகளில் ஈயம் கலந்திருந்தது. நம் நாட்டில் வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவை 90 பி.பி.எம். என்று, அதாவது பத்து இலட்சத்தில் 90 பங்கு என்று வரையறுத்த விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே பச்சையும் நீலமுமாகப் பூசிய பழங்கதவை உலர்ந்த நிலையில் உப்புத்தாளால் தேய்ப்பதும், தீயால் சுட்டு உரிப்பதும் கூடா. அத்தூளும் புகையும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். நீர் தெளித்து ஈரத்தோடு சுரண்ட வேண்டும். விழுந்த சுரண்டலைத் தாளில் கூட்டிக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். குழந்தைகளும் கருவுற்ற பெண்களும் அவ்விடத்தில் இருத்தல் ஆகாது. வண்ணம் இல்லாத மரமாயினும் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் இன்றி இழைக்கவோ தேய்க்கவோ வேண்டாம். நாள்பட்ட மரத்தூள் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்று உலகச் சுகாதார அமைப்பைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு நிறுவனமே உறுதிப்படுத்தியிருக்கிறது.

இரயில் தண்டவாளத்துப் பழைய மரக்கட்டைகள் மலிவாகக் கிடைப்பதுண்டு. அவற்றில் ஏற்றியிருக்கும் கிரியோசோட் என்னும் கருந்தைலம் நஞ்சு. கட்டிலுக்கும் மேசைக்கும் அவை அறவே ஆகா. சிறு துளைகளிலிருந்து மாவு போன்ற தூள் உதிரும் பலகையில் வண்டு இன்னும் உயிரோடிருக்கிறது. அதனை மற்ற மரத்தோடு அடுக்காமல், வெயிலில் காயவைத்து, வெண்காரக் கரைசலை நன்றாக ஊறப் பூசுக. தேக்கின் வைரத்தில் இத்தொல்லை அரிது. கறையானைத் தடுக்கும் இயற்கைச் சத்து அதில் உண்டு. ஓரத்து வெள்ளைப் பகுதிக்கு அந்தக் காப்பு இல்லை.

நூறாண்டு உலர்ந்த மரம் இனி அசையாது என்று நினைப்போர் பலர். அஃது அவ்வளவு உண்மையன்று. மரம் உயிர் நீத்த பின்னும் காற்றின் ஈரத்துக்கேற்ப விரிந்து சுருங்கும். தடித்த உத்திரத்தைப் பலகைகளாக அறுக்கும்போது உள்ளே அடங்கிக் கிடந்த இறுக்கம் தளர்ந்து பலகை வளைவதும் உண்டு. அறுத்த பலகைகளை, இடையிடையே சிறு குச்சிகள் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, அவை பயன்படப் போகும் வீட்டிலேயே இரண்டு மூன்று வாரம் விட்டுவைத்து, அதன்பின் இழைக்கத் தொடங்குக. உப்புக்காற்று வீசும் கடற்கரைப் பங்குகளில் இதனை இன்னும் கண்டிப்பாகக் கொள்ள வேண்டும். பழைய கழுந்துத் துளைகளை மரத்துண்டால் அடைத்து மறைப்பதா, அப்படியே விடுவதா என்பது அவரவர் விருப்பம். மேசையின் மேற்பலகையில் மட்டும் அடைத்துவிடுக. சோற்றுப் பருக்கை தங்கி எறும்பு மொய்க்கும்.

வாங்குவோருக்கு ஒரு சொல்: செதுக்கு வேலைப்பாடு கொண்ட பழங்கதவோ தூணோ வாங்கினால், விற்பவரிடம் எழுத்துமூலம் சீட்டு வாங்கிக்கொள்க. கோவில்களிலும் பழைய ஆலயங்களிலும் களவு போன பொருள்கள் எத்தனையோ உண்டு. நூறாண்டு கடந்த கலைப்பொருள்களை வெளிநாட்டுக்கு அனுப்புவதை 1972-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அயல்நாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குப் பாட்டன் வீட்டுக் கதவை அனுப்ப எண்ணுவோர் முதலில் தொல்லியல் துறையைக் கேட்டறிக.

இறுதியாக மெருகு. பளபளக்கும் வார்னிஷ் பழமரத்துக்குப் பொருந்துவதில்லை என்பது நம் கருத்து. ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாக இரண்டு மூன்று முறை தேய்த்து, ஒவ்வொன்றும் உலர்ந்தபின் அடுத்ததைப் பூசி, இறுதியில் தேன்மெழுகால் துடைத்தால் போதும். மெழுகுக்காகக் கோவிற்பிள்ளையை நெருக்கிப் பீடத்து மெழுகுத்திரித் துண்டுகளைக் கேட்க வேண்டாம்; அவை இன்று பெரும்பாலும் பாரபின். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் உலரும்போது வெப்பத்தை வெளியிடும். சுருட்டிய துணியில் அவ்வெப்பம் தேங்கித் தானே தீப்பற்றிப் பட்டறைகள் எரிந்ததுண்டு. துணியை முற்றத்தில் விரித்துக் காயவிடுக. அல்லது நீரில் நனைத்தபின் குப்பையில் இடுக.